வாளிப் பொறிப்புகள்: கோவைக்கு ஆறு வாரம் குடிபோவோர் குறித்து ஒரு தொல்லியல் ஆய்வு

ஊர்விட்டு ஊர் போன தமிழரைப் பற்றி ஆய்வுக்குப் பஞ்சமில்லை. இலங்கை மலையகத்துக்குத் தேயிலை பறிக்கப் போனவர்கள், பினாங்குக்கும் மொரீசியசுக்கும் கப்பலேறியவர்கள், தாராவிக்குத் தோல் பதனிடப் போன திருநெல்வேலிக்காரர்கள் என எல்லாருக்கும் நூலக அலமாரியில் இடம் உண்டு. போனஃபைட் சர்ட்டிபிகேட்டையும் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு மே மாதத்தில் கோயம்புத்தூருக்குப் போய், ஆறு வாரம் இருந்துவிட்டு, ஜூன் கடைசியில் திரும்பிவரும் பொறியியல் மாணவனுக்குத்தான் இடமில்லை. அவன் தடயம் விடாதவன். ரேஷன் கார்டில் பெயர் ஏறாது. வாக்காளர் பட்டியலில் வராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இவன் நாற்பத்திரண்டு நாள் இருப்பவன். வாடகை ரசீது கேட்டால் வீட்டுக்காரர் சிரிப்பார்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வருகிறான். பிளாஸ்டிக் வாளி. மடித்துப் பையில் திணிக்க முடியாது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "தம்பிக்கு வாந்தி வருமோ?" என்று பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய்விடுவார். ஆகவே அது அங்கேயே தங்கிவிடுகிறது. இரும்புக் காலத்து மனிதனைப் பானை ஓட்டை வைத்து அறிவதுபோல, இவனை வாளியை வைத்து அறிய முடியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சொல்லாய்வு

சுற்றறிக்கையில் இதன் பெயர் 'இன்டர்ன்ஷிப்'. துறைத்தலைவர் வாயில் இன்னும் 'இன்பிளான்ட் ட்ரெயினிங்'தான். மாணவர் அதை 'ஐ.பி.டி.' என்று சுருக்குவர். அரசுத் தமிழில் 'உள்ளகப் பயிற்சி', ஏதோ வயிற்றுக்குள் நடக்கும் காரியம்போல. இவ்வாய்வாளரின் ஆச்சி பக்கத்து வீட்டில் சொன்னது, "பேரன் வேலை பழகப் போறான்." எல்லாவற்றிலும் இதுவே தெளிவானது. 'வேலை', 'பழக' என்னும் இரு சொற்களை மட்டும் நீக்கிவிட்டால் முழு உண்மையும்கூட.

தலைவன் ஊரைப் பிரியும் காரணங்களைத் தொல்காப்பியர் ஓதல், பகை, தூது, பொருள் என்றெல்லாம் வகுத்து வைத்திருக்கிறார். நம் ஆள் எதில் சேர்வான்? பொருள்வயிற் பிரிவு என்று சொல்ல ஸ்டைபண்டு வேண்டும். நிறுவனமோ மத்தியானச் சாப்பாடு கேன்டீனில் உண்டு என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஓதற்பிரிவு என்று சொல்ல யாராவது ஏதாவது சொல்லித்தர வேண்டும். ஆயினும் ஓதலுக்குப் பிரிகிறவன் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று தொல்காப்பியம் எல்லை கட்டியிருக்கிறது. ஆறு வாரம் அதற்குள் தாராளமாக அடங்கிவிடுவதால் ஓதற்பிரிவு என்றே கொள்ளலாம். பொழுதும் பொருந்துகிறது. பிரிவுக்குரிய பாலைத் திணைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். பல்கலைக்கழகம் வேனிலில் விடுமுறை விட்டது. நிறுவனம் முதல் நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னது.

பிரிவாற்றாமையால் வாடத் தலைவி எங்கே என்று தடை எழுப்புவோர் எழுப்பலாம். அந்தப் பொறுப்பை இரவு எட்டரை மணிக்கு வாட்ஸ்அப் வீடியோவில் அம்மா பார்த்துக்கொண்டாள். நற்றாய் இரங்குவது உடன்போக்குப் போன மகளுக்காக. பம்பு கம்பெனிக்குப் போன மகனுக்கு அது பொருந்துமா என்பதைப் புலவர்கள் தீர்மானிக்கட்டும்.

களம்

மெக்கானிக்கல் படிப்பவன் கோவைக்குப் போவது, காய்கறிக்காரர் ஒட்டன்சத்திரத்துக்குப் போவது மாதிரி. வேறெங்கே போவது? 1888-இல் ஸ்டேன்ஸ் மில்லோடு ஆலைத்தொழில் தொடங்கிய ஊர். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்ததும் மில் மில்லாக முளைத்தது. நூற்பு எந்திரம் இருந்தால் அதைப் பழுதுபார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறை இருந்தால் உதிரிபாகம் வார்க்க பவுண்டரி வேண்டும். பவுண்டரி இருந்தால், மில்லுக்கு வார்த்ததுபோக மிச்ச நேரத்தில் வேறு எதையாவது வார்க்கத் தோன்றும். சுற்றுவட்டாரம் முழுக்கக் கிணற்றுப் பாசனம், மழையோ குறைவு. ஆகவே மோட்டார், பம்புசெட். அப்புறம் வீட்டுப் பெண்களின் கை வலிக்காக வெட் கிரைண்டர். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பட்டு, பழனிக்குப் பஞ்சாமிர்தம், கோவைக்கு மாவரைக்கும் எந்திரம்.

இந்த ஊருக்கு வந்து 'வேலை பழகியவர்'களில் தலையாயவர் ஜி. டி. நாயுடு (1893–1974). வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலைபார்த்துக் காசு சேர்த்து, அதையே வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டியவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கினார். 1945-இல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கக் கைகொடுத்தவர், நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டே போதும் என்று அரசோடு கருத்து வேறுபட்டு விலகியும் போனார். ஆறு வாரத்தைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க எனக்குத் துணிவில்லை. அவருக்குக் கழற்ற ஒரு மோட்டார் சைக்கிளாவது கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு நீளநோட்டும் பேனாவும். பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஹெட், டிஸ்சார்ஜ், ஆம்பியர் என்று மூன்று பத்தியாக எழுத வேண்டும். ஒருமுறை பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தேன். "தம்பி, அது டெஸ்பாட்சுக்கு வெச்சதுங்" என்று குரல் வந்தது. கோபமே இல்லாத குரல். அதனால்தான் அதிகம் உறைத்தது.

ஊருக்குள் நுழைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி பஸ் கோயம்புத்தூர் என்று பலகை மாட்டிக்கொண்டு கிளம்பும். போய் நிற்பது சிங்காநல்லூரில். சேலம், ஈரோடு, திருப்பூர் என்றால் காந்திபுரம். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டி என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் இன்னொன்று. எந்தத் திசையிலிருந்து வந்தவனோ அவனை அந்தத் திசையிலேயே இறக்கிவிட்டுவிடும் ஊர் இது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் திண்ணையிலேயே உட்காரவைத்து விசாரிப்பதுபோல. இத்தனையையும் ஒரே இடத்தில் சேர்க்க வெள்ளலூரில் கட்டத் தொடங்கிய பேருந்து நிலையம் பாதியில் நின்றுபோனது. ரோமானியக் காசுப் புதையல் கிடைத்த ஊர் அது. இரண்டாயிரம் வருஷம் கழித்து அங்கே தோண்டுகிறவர்கள் அந்தத் தூண்களைப் பார்த்து, பயணிகள் வழிபட்ட கோயில் என்று எழுதாதிருக்க வேண்டும்.

அதிகாலை நாலரை மணிக்கு சிங்காநல்லூரில் இறங்கினேன். ஒரு டவுன்பஸ் நடத்துநர் "ராமநாதபுரம், சுங்கம், ஏறுங்க ஏறுங்க!" என்று கூவினார். ராத்திரி பூராவும் உட்கார்ந்து வந்தவனை மறுபடி தெற்கே அனுப்பப் பார்க்கிறார்களே என்று பின்வாங்கினேன். கோவைக்குள்ளேயே ஒரு ராமநாதபுரம் இருப்பது தெரிய அரைமணி நேரமும் ஒரு டீயும் செலவாயின. இதைவிடக் கொடியது 'பி.என். பாளையம்'. பாப்பநாயக்கன்பாளையத்தைச் சுருக்கினாலும் அதுதான், பெரியநாயக்கன்பாளையத்தைச் சுருக்கினாலும் அதுதான். ஒன்று ஊருக்குள், மற்றது மேட்டுப்பாளையம் ரோட்டில் வெகுதூரம். பாளையங்கோட்டையில் பிறந்தவனுக்குப் பாளையம் என்றால் ஒன்று. இங்கே தடுக்கி விழுந்தால் பாளையம்.

வழி கேட்டால் இன்னொரு சிக்கல். "இப்படியே மேக்கால போயி, வடக்கால திரும்புனீங்கன்னா, ரெண்டாவது சந்துல கெழக்கால பாத்த வீடுங்" என்றார் டீக்கடைக்காரர். இடம் வலம் என்ற பேச்சே இல்லை. அந்தத் துல்லியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் பயன்படுத்தச் சூரியன் வேண்டும். விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தொல்பொருள்

கோவையின் கணபதிப் பகுதியில், மோட்டார் வைண்டிங் கடைகளும் லேத் பட்டறைகளும் நெருங்கிய ஒரு தெருவில், இரண்டாம் மாடியில், தகரக் கூரை போட்ட அறை. கண்டெடுப்பு நிகழ்ந்தது கீழே, பொடக்காலியில். (புறக்கடையை அங்கே அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லை அறிந்ததே ஆறு வாரத்துக்கு ஈடு.) துவைகல்லுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த பச்சை வாளியைக் காட்டி வீட்டுக்கார அம்மா சொன்னார்:

"அது ட்ரெயினிங்குக்கு வர்ற பசங்களுதுங் தம்பி. வருசா வருசம் அதேதான் ஓடுது. நீங்க வெச்சுக்கங்க. போறப்ப கழுவி இங்கயே வெச்சுட்டுப் போயிருங்."

இனி வருணனை. நிறம் பச்சை, வெயில் பட்ட பக்கம் வெளிர்மஞ்சள். கொள்ளளவு 18 லிட்டர். கைப்பிடி ஒரு பக்கம் கழன்று, எனாமல் பூசிய செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. அது மோட்டார் காயில் சுற்றும் கம்பி. அதன் முறுக்கு ஒரே சீராக இருப்பதிலிருந்து, முன்னோர்களில் ஒருவர் வைண்டிங் பிரிவில் பயிற்சி பெற்றவர் என்றும், அங்கே அவரைக் கம்பியைத் தொட விட்டிருக்கிறார்கள் என்றும் துணியலாம். பாக்கியவான். அடிவிளிம்பில் ஒரு விரிசல். சூடு பண்ணிய ஆக்ஸா பிளேடால் இழைத்து மூடியிருக்கிறது. விரிசலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நேரே கோவைக்குள் நுழைகிறது. ஜூனில் வெறும் வாளியை மொட்டைமாடியில் வைத்தால் அது அங்கே இருக்காது. என் காலத்திலேயே இரண்டு முறை தெருவில் போய் மீட்டு வந்தேன். பாலைத் திணையின் வெக்கையை எதிர்பார்த்துப் போனவனுக்கு இந்தக் காற்று ஆய்வுச் சட்டகத்தையே தூக்கிக்கொண்டு போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாளியின் புறத்தே ஐந்து பொறிப்புகள் உள்ளன.

மிகப் பழையது அடிப்பகுதியில், டிவைடர் முனையால் கீறியது. விரிசல் பாய்ந்ததில் முன்னும் பின்னும் அழிந்து '…குமா…' என்பது மட்டும் எஞ்சியிருக்கிறது. குமார், குமாரசாமி, சிவகுமார், செந்தில்குமார், விஜயகுமாரன் எதுவாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டு ஆண்களில் பாதிப்பேரை இதற்குள் அடைத்துவிடலாம் என்பதால் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

இரண்டாவது, கறுப்பு மார்க்கரில் ஆங்கில எழுத்தில்: எஸ்.கே., மெக் 'பி'. அதன் கீழே, தமிழில், சிறிய எழுத்தில் 'ம.இ.'. இது யார்? எஸ்.கே.யோடு அறையைப் பங்கிட்டவரா? வாளியில் பாதி உரிமை உடையவரா? 'மணி, இ.' என்று தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டிருப்பாரோ? அப்படியானால் துறையும் பிரிவும் ஏன் எழுதவில்லை? இந்த இரண்டெழுத்து ஆறு வாரமும் என் தூக்கத்தைக் கெடுத்தது. (தகரக் கூரையும் கெடுத்தது.)

மூன்றாவது மலையாள எழுத்தில். எனக்குப் படிக்கத் தெரியாது. கணவாய்க்கு அப்பாலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நான்காவதை நகப்பூச்சில் எழுதியிருக்கிறார்கள்: 'ரூம் 7'. அந்த வீட்டில் மொத்தமே மூன்று அறைகள், இருந்தவர் எல்லாரும் ஆண்கள். வாளி வேறொரு குடியிருப்பிலிருந்து வணிகம் மூலமாகவோ படையெடுப்பு மூலமாகவோ வந்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் லேடீஸ் ஹாஸ்டல் ஒன்று உண்டு. வீட்டுக்கார அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அது எதுக்குங் உங்களுக்கு?" என்றார்.

ஐந்தாவது ஒரு பெயரே அல்ல. 'தொடாதே'. கோயில் கல்வெட்டுகளின் முடிவில், இந்தத் தர்மத்துக்குக் கேடு நினைப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதி வைப்பார்கள் அல்லவா? அந்த மரபின் கடைசிக் கொழுந்து இது. காராம்பசுவையும் கங்கையையும் சேர்க்க வாளியில் இடம் போதவில்லை.

பானை ஓட்டில் பெயர் கீறும் பழக்கத்தோடு இதை ஒப்பிடுவது பொருத்தமே, அதிலும் இந்த வட்டாரத்தில். கோவை வழியே ஓடும் நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் இருக்கிறது. அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறைகளும், தமிழ்-பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் ஏராளமாகவும் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் இருந்த தொழில் நகரம். அந்த ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் கலந்திருக்கின்றன. எங்கிருந்தோ வந்து, உலைப் பக்கமோ மணிப் பட்டறைப் பக்கமோ நின்று, சில காலம் இருந்து போனவர்கள். அந்தப் பொறிப்புகளில் பெரும்பாலானவை பானை சுட்டபிறகு கீறியவை. குயவர் எழுதிக் கொடுத்ததில்லை. வாங்கியவன், அல்லது வாங்கியவனிடமிருந்து எடுத்துக்கொண்டவன், தானே உட்கார்ந்து கீறியது. 'இது என்னுது' என்று சொல்ல வேண்டிய தேவை வீட்டில் இருப்பவனுக்கு வராது. அம்மா வீட்டில் எந்த வாளியிலும் என் பெயர் இல்லை.

காணாமற்போன போணி

வாளியை ஏற்றுக்கொண்டதும் ஒரு குறை தென்பட்டது. மொள்ளுவதற்குப் பாத்திரம் இல்லை. ஐந்து தலைமுறை கண்ட வாளி பத்திரமாக இருக்க, அதனோடு பிறந்த பாத்திரத்தை மட்டும் காணோம். மூன்று கருதுகோள்களை முன்வைத்தேன். ஒன்று, உடைந்திருக்கலாம், ஆனால் பொடக்காலியில் சில்லு ஒன்றுகூட அகப்படவில்லை. இரண்டு, களவு, ஆனால் பதினெட்டு லிட்டர் வாளியை விட்டுவிட்டு ஒரு லிட்டர் பாத்திரத்தைத் திருடுபவன் தொழிலுக்குப் புதியவனாக இருக்க வேண்டும். மூன்று, பெருங்கற்கால மக்கள் இறந்தவரோடு பாத்திரம் வைத்துப் புதைத்ததுபோல ஏதேனும் சடங்கு. மூன்றாவதே எனக்குப் பிடித்திருந்தது.

எதுவானாலும் காலையில் குளித்தாக வேண்டும். எட்டு மணிக்கு மெயின் ரோட்டு பிளாஸ்டிக் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் மொள்ளும் பாத்திரத்துக்குப் போணி என்று பெயர்.

"அண்ணாச்சி, ஒரு போணி வேணும்."

கடைக்காரர் முகமெல்லாம் மலர்ந்தார். "வாங் தம்பி, நீங்கதானுங் இன்னைக்குப் போணி. என்ன வேணுமுங்?"

"போணிதான் அண்ணாச்சி."

"ஆமாங், போணிதானுங். கை ராசியா இருக்கட்டும். என்னங் வேணும்?"

"அதான், போணி."

அவர் ஊதுபத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் மேலே தொங்கிய சரத்தைக் கைநீட்டிக் காட்டினேன்.

"அட, மக்குங்களா!"

அது பாத்திரத்தைச் சொன்னதா என்னைச் சொன்னதா என்பது இன்றுவரை ஆய்வுக்குரியது. நீலநிறத்தில் ஒன்று வாங்கினேன். முதல் வியாபாரம் என்பதால் பேரம் பேசவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை, அவரே இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

நீரியல் அளவீடு

கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் என்றால் பெருமை; அணை இருப்பது கேரளத்தில், சுவை இருப்பது தங்கள் நாக்கில் என்பார்கள். ஆனால் சிறுவாணி குடிப்பதற்கு. குளிக்க, துவைக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதை மாடிக்கு ஏற்றும் மோட்டாருக்கு நான் போன அன்று காயில் போயிருந்தது. சுற்றிலும் ஆறு வைண்டிங் கடைகள். நாட்டின் கிணறுகளுக்கெல்லாம் பம்பு அனுப்பும் ஊர். "நாளைக்கு வந்துருமுங் தம்பி" என்றார் வீட்டுக்காரர். அந்த நாளை என் காலத்தில் வரவில்லை. தெருவிலுள்ள எல்லா வைண்டிங் கடைக்காரரும் அவருக்குச் சொந்தம் என்பதால் யாரிடம் கொடுத்தாலும் மற்றவர் கோபித்துக்கொள்வார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆகவே தரைத்தள உப்புத் தண்ணீர்க் குழாயிலிருந்து இரண்டாம் மாடிக்கு நானே பம்பு. பகலெல்லாம் டெஸ்ட் பெட்டில் ஹெட்டும் டிஸ்சார்ஜும் எழுதியவன் மாலையில் தன்னையே அளந்துகொள்வதில் தவறில்லை. ஹெட் 6 மீட்டர். டிஸ்சார்ஜ் நாளொன்றுக்கு 4 வாளி, அதாவது 72 லிட்டர். 42 நாளுக்கு 3,024 லிட்டர். இத்தனை தண்ணீரை அத்தனை உயரத்துக்கு ஏற்றச் செலவான ஆற்றல் ஏறத்தாழ 1,78,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36,00,000 ஜூல். வகுத்துப் பார்த்தேன். என் ஆறு வாரத்து மாடிப்படி, தோள்வலி, இரண்டு முறை வழுக்கி விழுந்தது எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. பம்புசெட்டின் திறன் நாற்பது சதவீதம் என்று தாராளமாக இழப்பைச் சேர்த்தாலும் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம்.

ஸ்டைபண்டு ஏன் தரவில்லை என்ற கேள்வியை அன்றோடு விட்டுவிட்டேன்.

உணவு, மொழி: சில சொற்கள்

உணவைப் பற்றி அதிகம் விரிக்கப்போவதில்லை. அரிசிம்பருப்புச் சோறு பிடிக்காதவரோடு எனக்குப் பேச்சில்லை. தள்ளுவண்டியில் 'காளான்' என்று கேட்டு வாங்கிய தட்டில் முட்டைக்கோஸைக் காண்பவர் அமைதி காக்க வேண்டும். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், கேட்பது நாகரிகமில்லை.

மொழி மாற்றம் மூன்றாம் வாரத்தில் நிகழ்ந்தது. அதை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கார அம்மா காலையில் "தண்ணி வாத்துக்கிட்டீங்ளா?" என்று கேட்டால் முதல் வாரம் செடியைப் பற்றியோ என்று திகைப்பேன், குளித்தாயா என்று பொருள். மூன்றாம் வாரம் "ஆச்சுங்" என்று பதில் தானாக வந்தது. அன்று இரவு எட்டரைக்கு அம்மாவிடம், "சாப்பாடு ஆச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏல, பக்கத்துல யாரும் பெரியாளு இருக்காவளா?" என்றாள். இல்லை என்றேன். "பின்ன யாருக்குல மரியாத குடுக்க?"

புறப்பாடு

கடைசி நாள் சான்றிதழ் தந்தார்கள். பயிற்சியை வெற்றிகரமாக முடித்ததாகவும் நடத்தை நன்று எனவும் இருந்தது. இரண்டாவது உண்மை. டெஸ்ட் பெட் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, தள்ளுபடியான இம்பெல்லர் ஒன்றைக் கையில் கொடுத்து, "வெச்சுக்கங் தம்பி, ப்ளோ ஹோல் விழுந்தது" என்றார். வார்ப்பில் காற்றுக்குமிழ் புகுந்து ஓட்டையானது. ஆறு வாரத்தில் என் கையில் கொடுக்கப்பட்ட முதல் இரும்பு.

அறையைக் கூட்டினேன். வாளியை உப்புக் கறை போகத் தேய்த்துக் கழுவினேன். ஆறாவது பொறிப்புக்கு இடம் தேடியதில், மலையாளத்துக்கும் 'தொடாதே'வுக்கும் நடுவே நாலு விரற்கடை கிடைத்தது. மார்க்கர் அழியும் என்பதால் டிவைடரால் கீறினேன். பெயர், மெக் 'ஏ', திருநெல்வேலி. பொடக்காலியில் துவைகல்லுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு அரைச்செங்கல். "மறுபடி வந்தா வீட்டுக்கு வாங் கண்ணு" என்றார் அந்த அம்மா. மோட்டார் அப்போதும் அப்படியேதான் கிடந்தது.

சிங்காநல்லூரில் யாரிடமும் வழி கேட்கவில்லை. அங்கே ஒருவன் தலையணையோடு நின்று, ராமநாதபுரம் பஸ்ஸை மிரட்சியோடு பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் என் பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் வீட்டில் அம்மா பையைப் பிரித்தாள். அழுக்குத் துணி, தலையணை, நீளநோட்டு, இம்பெல்லர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அரிசிப் பானைமேல் வைத்தாள், மூடிக்குப் பாரமாக. கடைசியில் சுருட்டி வைத்த ஈரத்துண்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து நீலமாக ஒன்று உருண்டது. காலையில் குளித்த கையோடு, சோப்பு டப்பாவை அதற்குள் போட்டு, துண்டில் சுற்றி, பைக்குள் திணித்திருக்கிறேன். அளவும் கச்சிதமாக இருந்திருக்கிறது.

"வீட்ல ரெண்டு போணி கெடக்கே, கோயம்புத்தூர்ல இருந்து ஒண்ணு எதுக்குல சொமந்துட்டு வந்த?"

மூன்று கருதுகோள்களையும் அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். 'ம.இ.' என்பது ஆட்பெயரும் அன்று. எஸ்.கே. கிளம்புமுன் அடுத்து வருபவனுக்காக எழுதி வைத்த குறிப்பு: மக்கு இல்லை.